படகுக்காரனுக்குக் குரல் தேவை

ரேடியோ: எல்லாரும் கொஞ்சம் இங்க வந்து பாருங்க. ஒரு அநியாயம் நடந்திருக்கு. ஆத்துக்கு நடுவுல ஒரு படகு...

தலைமையாசிரியர்: நிறுத்தும்மா. அநியாயம் நடந்திருக்குன்னு சொல்றியா, குழாய்ல தண்ணி வந்திருக்குன்னு சொல்றியா?

ரேடியோ: அநியாயம்தான் சார்.

தலைமையாசிரியர்: கேக்கிறவனுக்கு அப்படித் தெரியலையே. குடத்தை எடுத்துக்கிட்டு ஓடுவான்.

டீச்சர்: சார், ரெக்கார்ட் ஓடிட்டிருக்கு. நடுவுல பேசினா உங்க குரலும் பதிஞ்சிடும்.

தலைமையாசிரியர்: பதியட்டும். அதைக் கேட்டாவது ஒருத்தன் நிமிர்ந்து உட்காருவான். இங்க மின்விசிறி ஏன் ஓடலை?

டீச்சர்: நாங்கதான் நிறுத்தினோம் சார். ஓடினா அந்தச் சத்தமும் பதியும்.

தலைமையாசிரியர்: அதுக்குன்னு விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையா? எத்தனை வகுப்பறை சும்மா கிடக்கு.

ரேடியோ: இங்கதான் சார் குதிக்கிற மெத்தை எல்லாம் சுவத்தோரமா நிக்குது. எதிரொலி வராது.

தலைமையாசிரியர்: எதிரொலி வராத இடத்துல நான் பேசினதே கிடையாது.

டீச்சர்: நீங்க பேச வேண்டாம் சார். பார்த்துட்டு, சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சாயங்காலம் பெற்றோர் கூட்டத்துல போட்டுடுவோம்.

தலைமையாசிரியர்: பார்க்கத்தான் வந்தேன். முதல் வாக்கியமே கொட்டாவி விடுது. உன் பேர் என்னம்மா?

ரேடியோ: ரேடியோ சார்.

தலைமையாசிரியர்: அது பேரா?

டீச்சர்: பட்டப்பேர் சார். வாயை மூடமாட்டா. வருகைப்பதிவுல வேற பேர் இருக்கு. அதைச் சொல்லிக் கூப்பிட்டா, யாரையோ கூப்பிடறாங்கன்னு அவளும் சேர்ந்து தேடுவா.

தலைமையாசிரியர்: எந்தப் பிரிவு?

ரேடியோ: பத்தாவது, கடைசிப் பிரிவு சார். கூட்டம் முடிஞ்சதும் எங்கப்பாவை உங்க ரூமுக்கு வரச் சொல்லியிருக்கீங்க. பரிட்சைக்கு முன்னாடி என்னைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து எடுத்துடச் சொல்லப் போறீங்கல்ல, அந்தப் பொண்ணு...

டீச்சர்: ரேடியோ. இப்ப கதை.

ரேடியோ: சும்மா அடையாளம் சொன்னேன் டீச்சர்.

தலைமையாசிரியர்: ம்... ஆமா. சில பெற்றோரை வரச் சொல்லியிருக்கேன். பொதுத்தேர்வு நெருங்குது. அது வேற விஷயம். அதை அறையில பேசிக்குவோம்.

டீச்சர்: வேற விஷயம்தான் சார்.

தலைமையாசிரியர்: உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது டீச்சர்?

டீச்சர்: விசிறி இல்ல சார்.

தலைமையாசிரியர்: சரி. இங்க பாரும்மா. ஊரைக் கூட்டி ஒரு அநீதியைக் காட்டணும்னா, கேக்கிறவன் காலை மடக்கி உட்கார்ந்திருக்கக் கூடாது. அப்படி ஒரு முதல் வாக்கியம் வேணும். கேளு. "பெருமக்களே, கண் இருப்போர் காண வாருங்கள்; காது இருப்போர் கேட்க வாருங்கள். பட்டப்பகலில், பாயும் ஆற்றின் நடுவே, ஆயிரம் கண்கள் பார்த்திருக்க, ஓர் அநீதி அரங்கேறியது. அதற்கு இன்று நீங்களே சாட்சிகள்." இப்படி.

ரேடியோ: ஆயிரம் கண்ணு நான் வரையல சார். படகுல கொஞ்சம் பேர்தான்.

தலைமையாசிரியர்: அது அணி. அழகுக்குச் சொல்றது.

ரேடியோ: குரல் போகும்போது மேல படம் நிக்கும் சார். பார்க்கிறவங்க எண்ணிடுவாங்க.

தலைமையாசிரியர்: ...மேடையில இந்தத் தொல்லை இல்லை.

டீச்சர்: உனக்குத் தெரியாதுல்ல ரேடியோ. சார் ஒரு காலத்துல பெரிய பேச்சாளர். சீர்திருத்தக் கூட்டம்னா சார் பேரை நோட்டீஸ்ல பெரிய எழுத்துல போடுவாங்க.

தலைமையாசிரியர்: ஒலிபெருக்கி பழுதான ஊர்லயும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அதை விடுங்க. முதல் வாக்கியத்தை மாத்தலாமா கூடாதா?

டீச்சர்: மாத்தலாம் சார், அவ மாத்தினா. இந்த முறையே அதுதான். எழுத்துல பின்தங்கின பிள்ளைங்க முதல்ல வட்டமா உட்கார்ந்து வாயால கதை சொல்லணும். அப்புறம் செல்போன்ல தன் குரல்லயே பதியணும். படம் வரைஞ்சு, அதைப் போட்டோ எடுத்து, குரலுக்கு மேல வரிசையா அடுக்கணும். கடைசியில ஒவ்வொரு படத்துக்கும் கீழ எழுத்து.

தலைமையாசிரியர்: தெரியும். டிஜிட்டல் கதை சொல்லல். சுற்றறிக்கை வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

டீச்சர்: படிச்சீங்களா சார்?

தலைமையாசிரியர்: கையெழுத்துப் போட்டேன்னு சொன்னேனே.

ரேடியோ: சார், ரெக்கார்டை நிறுத்திட்டேன். போன்ல கதையை முதல்லேர்ந்து ஓட்டட்டா? உங்க வாக்கியம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்த அநியாயம்னு தெரியாமலே நீங்க கோபப்படறீங்க.

டீச்சர்: ரேடியோ...

தலைமையாசிரியர்: விடுங்க டீச்சர். பாயிண்டாத்தான் பேசறா. ஓட்டு.

ரேடியோ: இது முதல் படம். ஆறு. இந்தக் கரையில பெத்தவங்க. பிள்ளைங்களைப் படகுல ஏத்தி அனுப்பறாங்க. அக்கரைக்குப் போனாத்தான் பிழைப்பு. இது ரெண்டாவது. படகு. படகுக்கு முன்னாடி ஒரு பலகை கட்டியிருக்கு.

தலைமையாசிரியர்: "இந்தப் படகில் வந்தவர் அனைவரும் கரை சேர்ந்தனர். நூற்றுக்கு நூறு." இதை யார் எழுதினது?

ரேடியோ: நான் சார்.

தலைமையாசிரியர்: நீயா? உனக்கு... டீச்சர், இந்தப் பிரிவுல யாருக்கும் நாலு வரி எழுத வராதுன்னு சொன்னீங்க.

டீச்சர்: நான் சொல்லல சார். மார்க் சொல்லிச்சு. நீங்க கேட்டுக்கிட்டீங்க.

தலைமையாசிரியர்: பின்ன இது எப்படி?

டீச்சர்: அவ குரலை அவளே போட்டுக் கேட்டா. திரும்பத் திரும்பக் கேட்டா. தான் சொன்ன வார்த்தை எந்த எழுத்துல ஆரம்பிக்குதுன்னு தேடித் தேடி ஒவ்வொண்ணா அழுத்தினா. பாடப்புத்தகத்துல இருக்கிற வாக்கியம் யாரோ சொன்னது சார். இது அவ சொன்னது. தப்பா விழுந்தா அவளுக்கே உறுத்துது. வகுப்புல இவ பக்கத்துல உட்கார்றவனும் அப்படித்தான். ஒரு வார்த்தை எழுதச் சொன்னா வயித்து வலின்னு ஓடறவன், தன் நாய்க்குட்டி கதைக்குக் கீழ ஒரு பத்தி அடிச்சிருக்கான்.

தலைமையாசிரியர்: வயித்து வலி?

டீச்சர்: நாய்க்குட்டிக்கு வந்திருக்கு சார். கதையில.

தலைமையாசிரியர்: இந்தப் பலகையை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே.

டீச்சர்: பொதுவான பலகைதான் சார். படகுன்னா இருக்கும்.

தலைமையாசிரியர்: அப்படியா. நான் படகுல அதிகம் போனதில்லை. அப்புறம்?

ரேடியோ: ஆத்துக்கு நடுவுல சுழல் இருக்கு சார். இந்த நீலமெல்லாம் சுழல். அது வரதுக்கு முன்னாடி படகுக்காரன் எல்லாரையும் ஒரு தடவை பார்ப்பான். யாருக்கு நீந்தத் தெரியும், யார் மூஞ்சி பயந்துருக்கு, யார் ஒரு பக்கமா சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கான்னு. பார்த்துட்டு, இந்தா, இங்க ஒரு மணல்திட்டு இருக்கு பாருங்க, அங்க படகை நிறுத்துவான்.

தலைமையாசிரியர்: ஏன்?

ரேடியோ: அவங்களை இறக்கி விட. "இங்க நல்லாக் காத்து வரும், அவசரமில்ல, நிதானமா வேற படகு புடிச்சு வாங்க"ன்னு சொல்லுவான்.

தலைமையாசிரியர்: வேற படகு வருமா?

ரேடியோ: நான் வரையல சார்.

தலைமையாசிரியர்: இறங்கினவங்க சண்டை போடமாட்டாங்களா?

ரேடியோ: மாட்டாங்க. படகுக்காரனுக்கு நன்றி சொல்லிட்டு இறங்குவாங்க. அவன் அவ்வளவு அன்பாச் சொல்லுவான். இது அடுத்த படம். படகு அக்கரைக்குப் போயிடுச்சு. அங்க கைதட்டறாங்க. கரை சேர்ந்தவங்களை எண்றாங்க. படகுல வந்தவங்க எத்தனை பேரோ அத்தனை பேரும் இருக்காங்க. நூத்துக்கு நூறு.

தலைமையாசிரியர்: அதாவது... நடுவுல இறக்கிவிட்டவனைக் கணக்கிலேயே சேர்க்கலை.

ரேடியோ: கணக்கு சரிதான் சார். எங்க கணக்கு மிஸ்கிட்டயே காட்டினேன். தப்பே இல்லைன்னாங்க.

தலைமையாசிரியர்: தப்பே இல்லை... ஒரு பொய்யும் சொல்லாம ஊரையே ஏமாத்தியிருக்கான்.

டீச்சர்: கதைதானே சார்.

தலைமையாசிரியர்: கதையா. இந்தக் கதையைப் போய், குழாய்ல தண்ணி வந்த மாதிரி சொல்லிட்டிருந்தாளே, அதுதான் டீச்சர் எனக்கு ஆறலை. "இறக்கி விட்டான்"னு சொல்றா. அது போதாது. பஸ்ஸுலகூடத்தான் இறக்கி விடறாங்க. கைகழுவினான்னு சொல்லணும். "தன் பலகையின் பெருமைக்காகப் பச்சைப் பிள்ளைகளை மணலில் கைகழுவினான்." பதிஞ்சுக்கோ.

ரேடியோ: பச்சைப் பிள்ளைங்க இல்ல சார். பத்தாவது.

தலைமையாசிரியர்: ...வளரும் பிள்ளைகள்.

ரேடியோ: சரி சார். "வளரும் பிள்ளைகளை மணலில் கைகழுவினான்." இது எனக்குப் பிடிச்சிருக்கு. என் வாயிலயும் வருது.

தலைமையாசிரியர்: "பயந்தவனைத் தேற்றத் தெரியாதவன், துடுப்பைத் தொடலாமா? நீந்தத் தெரியாதவனை ஏற்றிச் செல்லத்தானே படகு? நீந்தத் தெரிந்தவனுக்கு ஆறே போதுமே." இதையும் வச்சுக்கோ.

டீச்சர்: சார், நீங்களே இவ்வளவு தூரம் போறீங்க... பார்த்துக்குங்க.

தலைமையாசிரியர்: எதைப் பார்த்துக்கணும்?

டீச்சர்: நீளத்தைச் சொன்னேன் சார். படம் சின்னது.

தலைமையாசிரியர்: படகு யாருது?

ரேடியோ: சார்?

தலைமையாசிரியர்: படகு அவனோட சொந்தப் படகா? இல்ல, வேற ஒருத்தர் படகை இவன் ஓட்டறானா?

ரேடியோ: அதை யோசிக்கலையே சார்.

தலைமையாசிரியர்: யோசிக்கணும். அக்கரையில நிழல்ல நாற்காலி போட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். படகு அவருது. பலகையும் அவர் மாட்டினது. ஒருத்தன் மூழ்கினாலும், அடுத்த நாள் துடுப்பு இவன் கையில இருக்காது.

டீச்சர்: ...அப்படியும் இருக்கலாம் சார்.

ரேடியோ: வரைஞ்சு சேர்த்துடட்டா? நாற்காலி வரைய வரும்.

தலைமையாசிரியர்: வேண்டாம்.

ரேடியோ: சும்மா ஓரமா...

தலைமையாசிரியர்: வேண்டாம்மா. அதைச் சேர்த்தா, படகுக்காரனுக்கு ஒரு சாக்கு கிடைச்சிடும். பார்க்கிறவங்க "பாவம், அவன் என்ன செய்வான்"னு வீட்டுக்குப் போயிடுவாங்க. மணல்ல நிக்கிறவன் அங்கேயே நிப்பான்.

டீச்சர்: தண்ணி குடிக்கிறீங்களா சார்?

தலைமையாசிரியர்: வேண்டாம். சரி, நான் கடைசியா ஒரு முழக்கம் பேசறேன். கூட்டத்துல இருக்கிற பெற்றோர் ஒவ்வொருத்தரும் எழுந்து நிக்கணும். மைக் எங்கே?

ரேடியோ: இந்த போன்தான் சார். மெத்தை மேல இருக்கு பாருங்க.

டீச்சர்: சார், ஒரு சிக்கல். வெளியாள் குரல் போடறதில்லைன்னு பிள்ளைங்களுக்கு நானே சட்டம் போட்டிருக்கேன். போன வாரம் ஒரு அம்மா வந்து, மகன் கதையை நானே பேசித் தரேன்னாங்க. விடலை.

தலைமையாசிரியர்: இந்தப் பள்ளிக்கூடத்துல நான் வெளியாளா?

டீச்சர்: பள்ளிக்கூடத்துக்கு இல்ல சார். கதைக்கு. கதைக்குள்ள இருக்கிறவங்கதான் பேசலாம்.

தலைமையாசிரியர்: கதைக்குள்ள யார் யார் இருக்காங்க?

ரேடியோ: இறங்கினவங்க. கரை சேர்ந்தவங்க. பெத்தவங்க. படகுக்காரன்.

தலைமையாசிரியர்: எல்லாரும் பேசறாங்களா?

ரேடியோ: படகுக்காரன் மட்டும் இன்னும் பேசலை சார். ஆள் கிடைக்கலை. எங்க கிளாஸ் பசங்க எல்லாரையும் பேச வச்சுப் பார்த்தோம். எவனைப் பேசச் சொன்னாலும் ஹஹஹான்னு சிரிக்கிறான். வில்லன்னா சிரிக்கணுமாம்.

தலைமையாசிரியர்: உன் படகுக்காரன் சிரிக்கமாட்டானா?

ரேடியோ: மாட்டான் சார். அன்பாப் பேசுவான். கேட்டா நமக்கே இறங்கிடலாம்னு தோணும். அந்த மாதிரிக் குரல் வேணும்.

டீச்சர்: ரேடியோ, சாருக்கு நேரமாச்சு.

தலைமையாசிரியர்: எனக்கு ஒண்ணும் நேரமாகலை. நீ ஏம்மா அப்படி ஒரு ஆளை யோசிச்சே? படகுக்காரன்னா முரட்டு ஆளாத்தானே எல்லாரும் யோசிப்பாங்க?

ரேடியோ: எங்க அக்கா கதைதான் சார் இது.

டீச்சர்: ரேடியோ.

தலைமையாசிரியர்: சொல்லட்டும்.

ரேடியோ: அக்காவும் இங்கதான் படிச்சா சார். அவ பத்தாவது வந்தப்பவும் அப்பாவைக் கூப்பிட்டாங்க. அப்பா வீட்லேர்ந்து கிளம்பும்போது கோபமாத்தான் கிளம்பினார். "எம் பொண்ணைப் பரிட்சை எழுத விடமாட்டேன்னு சொல்ல அவர் யாரு, ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரேன்"னு சட்டையெல்லாம் மாத்திக்கிட்டுப் போனார். திரும்பி வரும்போது சாந்தமா வந்தார்.

தலைமையாசிரியர்: என்ன சொன்னார்?

ரேடியோ: "மனுஷன் என்ன அழகாப் பேசறார் தெரியுமா"ன்னு அம்மாகிட்டச் சொன்னார். "நம்ம பொண்ணு மேல நமக்கு இல்லாத அக்கறை அவருக்கு இருக்கு. ஒரு வருஷம் வீட்ல நிதானமா இருந்து, தனியா எழுதட்டும்னு சொன்னார். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு"ன்னார். அவர் பேசப் பேச அப்பாவுக்குத் தலை தானா ஆடிச்சாம்.

தலைமையாசிரியர்: அக்கா... தனியா எழுதினாளா?

ரேடியோ: இல்ல சார். பை தைக்கிற இடத்துக்குப் போறா. தலையணை உறையும் தைப்பாங்க. கதையில அவ இன்னும் திட்டுலதான் நிக்கிறா. அதுக்கப்புறம் என்ன வரையறதுன்னு தெரியலை. அதான் கதைக்கு முடிவே வரலை.

டீச்சர்: சார், பிள்ளை ஏதோ... எல்லாத்தையும் கலந்து பேசறா. வீட்டு விஷயத்தையும் கதையையும்...

தலைமையாசிரியர்: கலக்கலை டீச்சர். பிரிச்சுப் பிரிச்சுத்தான் பேசறா.

டீச்சர்: இந்தப் படம் வேண்டாம்னா நாய்க்குட்டி படத்தைப் போட்டுக்கலாம் சார். அதுவும் நல்லா இருக்கு.

ரேடியோ: நாய்க்குட்டி படத்துல முக்கால்வாசி குரைக்கும் சத்தம்தான் சார். ஆனா யாருக்கும் தொந்தரவு இருக்காது.

தலைமையாசிரியர்: உங்க அப்பா இன்னிக்குச் சட்டை மாத்திக்கிட்டு வருவாரா?

ரேடியோ: மாத்தமாட்டார் சார். இந்தத் தடவை கோபமே இல்லை. "சார் கூப்பிட்டிருக்கார், சொன்னாக் கேட்டுக்குவோம்"னு காலையிலேயே சொல்லிட்டார். நீங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தலையை ஆட்டிடுவார்.

தலைமையாசிரியர்: நீ என்னம்மா நினைக்கிற? பரிட்சை எழுதினா தேறுவியா?

ரேடியோ: தெரியலை சார். போன மாசம்னா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்.

தலைமையாசிரியர்: இப்ப?

ரேடியோ: இப்பக் கேள்வியைப் படிக்க வருது. பதில்தான் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். முன்னாடியெல்லாம் பதில் தெரியும், கேள்வி என்னன்னு தெரியாது. மூழ்கினாலும் மூழ்குவேன் சார். ஆனா சுழல் எப்படி இருக்கும்னு பார்த்துட்டு மூழ்கறேனே.

டீச்சர்: தேறுவா சார். நான் சொல்றேன்.

தலைமையாசிரியர்: எழுத்துல தருவீங்களா?

டீச்சர்: தரமாட்டேன் சார். யாரைப் பத்தியும் அப்படித் தரமுடியாது. முதல் பெஞ்ச் பையனுக்குக்கூட.

தலைமையாசிரியர்: ம்... இந்தக் கதையை வட்டமா உட்கார்ந்து சொன்னாங்கன்னீங்களே. நீங்க எடுத்துக் கொடுத்தீங்களா?

டீச்சர்: வாயே திறக்கலை சார். திறந்திருந்தா என் கதையா ஆகியிருக்கும். என் கதையில படகுக்காரனுக்குப் பக்கத்துல ஒரு டீச்சர் உட்கார்ந்து, யார் யாரை இறக்கணும்னு மார்க்கைப் பார்த்துச் சொல்லிக்கிட்டு இருப்பா.

ரேடியோ: அதை நீங்க சொல்லவே இல்லையே டீச்சர். வரைஞ்சிருப்பேனே.

டீச்சர்: அதனாலதான் சொல்லலை.

தலைமையாசிரியர்: சரி. அந்தச் சிவப்புப் புள்ளியை அழுத்து.

டீச்சர்: சார், வெளியாள் குரல்...

தலைமையாசிரியர்: உங்க சட்டம் எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர். அழுத்தும்மா.

ரேடியோ: எந்தப் படத்துக்குப் பேசப் போறீங்கன்னு சொன்னா, அளவு பார்த்து வைப்பேன் சார். கைதட்டற படத்துக்கா? அங்கதான் கடைசியில இடம் இருக்கு.

தலைமையாசிரியர்: முதல்ல பேசறேன். எந்தப் படம்னு அப்புறம் உங்களுக்கே தெரியும்.

டீச்சர்: தாளாளரும் முன்வரிசையில இருப்பார் சார். ஞாபகத்துக்குச் சொன்னேன்.

தலைமையாசிரியர்: இருக்கட்டும். கரையில உட்கார்ந்திருக்கிறவருக்கும் கேட்கட்டும்.

ரேடியோ: போனுக்கு ரொம்பக் கிட்ட வராதீங்க சார். மூச்சு பதியும். மூக்குக்கண்ணாடியையும் தொடாதீங்க. மேடையில பேசற மாதிரி கத்தவும் வேண்டாம். பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்னு நினைச்சுப் பேசுங்க.

தலைமையாசிரியர்: உங்க அப்பான்னு நினைச்சுக்கலாமா?

ரேடியோ: நினைச்சுக்குங்க. ஆனா தலையை ஆட்டுவார், அதைப் பார்த்து மயங்கிடாதீங்க.

டீச்சர்: நான் கதவைச் சாத்தறேன்.

ரேடியோ: மூணு, ரெண்டு, ஒண்ணு... பேசலாம் சார்.

தலைமையாசிரியர்: பெற்றோர்களே, என் குரல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான்தான் அந்தப் படகுக்காரன். பலகையைப் பார்த்தபோதே அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவன்போல் இந்தப் பிள்ளைக்குச் சொல்லலங்காரம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் தொங்கும் நூற்றுக்கு நூறு என்ற எண்ணை ஒரு பொய்யும் சொல்லாமல் நான் சம்பாதித்தேன். சுழலுக்கு முன்னால் உங்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டேன். இறக்கிவிட்டபோது, ஒருகாலத்தில் அநீதியை எதிர்த்து மேடைதோறும் முழங்கிய இதே குரலில், மிக அன்பாகப் பேசினேன். நீங்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனீர்கள். இன்று இந்தக் கூட்டம் முடிந்ததும் உங்களில் சிலரை மீண்டும் என் அறைக்கு அழைத்திருக்கிறேன். தனியாக வராதீர்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். அழைக்கப்படாதவர்களே, உங்கள் பிள்ளை கரை சேர்ந்துவிடும் என்று கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். யாரெல்லாம் படகில் இல்லை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, நீங்களும் அவர்களோடு வந்து நில்லுங்கள். எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று நான் சொன்னால், அவரையும் அங்கேயே வரவழையுங்கள். "தேர்வறையில் என் பிள்ளைக்கு எந்த இருக்கை?" என்று கேளுங்கள். நான் இருக்கையைக் காட்டும்வரை அங்கிருந்து நகராதீர்கள். நான் எவ்வளவு அழகாகப் பேசினாலும், பெரியோர்களே, தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.